சாரி சொல்லாத அக்கா

அக்கா யாருக்கும் சாரி சொல்லமாட்டார். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் சாரி சொல்லாமல் ஒருநாள் பொழுதை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. லிஃப்டில் ஏறினால் சாரி, இறங்கினால் சாரி. ரயிலில் அடுத்தவன் பை நம் விலாவில் இடித்தாலும் நாம்தான் சாரி சொல்வோம். எங்கள் சைட்டில் பங்களாதேஷ்காரன், மியன்மார்க்காரன், சீனாக்காரன், நம்ம புதுக்கோட்டை ஆள் எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலம் என்று பார்த்தால் மூன்று வார்த்தைதான் தேறும். ஓகே, சாரி, டுமாரோ. அதில் ஒன்றைத் தூக்கிக் கடாசிவிட்டு அக்கா நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. எங்களுடையது சாரம் கட்டும் கம்பெனி. பெரிய கம்பெனிகள் கட்டடம் எழுப்பும். ஆட்கள் ஏறி நின்று வேலை செய்ய, கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயில் சாரம் கட்டிக் கொடுப்பது நாங்கள். அப்போது தெம்பனிஸில் வேலை. ஒரு கன்டெய்னர்தான் ஆபீஸ். அதில் அக்காவுக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை, நடுவில் ஒரு கெட்டில். அக்கா அட்மின். ஆட்களின் லீவு, ஊர் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவர் கையில். நான் சேஃப்டி பார்க்கிறவன். தினமும் காலையில் ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் நான் சாரத்தின் மேலே போய், எல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் பெர்மிட். அது இல்லாமல் ஒருத்தரும் மேலே காலெடுத்து வைக்கக்கூடாது. அக்கா அதை வாங்கி, முத்திரை குத்தி, ஃபைலில் வைப்பார்.

அக்கா இங்கேயே பிறந்தவர். அவர் தாத்தா காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பம். குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில் மகனோடு இருந்தார். கணவர் இல்லை. என்னைவிட நாலு வயசுதான் மூத்தவர், ஆனாலும் முதல் நாளே என்னைத் தம்பி ஆக்கிவிட்டார். நானும் சரி என்று ஆகிவிட்டேன்.

ஒரு தடவை ஆயுத பூஜைக்குச் சாமான் வாங்க ரெண்டு பேரும் தேக்காவுக்குப் போனோம். மார்க்கெட் தரை எப்போதும்போல் ஈரம். பூசணிக்காய் ஏற்றிய தள்ளுவண்டியை அக்கா திருப்பும்போது அது ஒரு மலாய்க்கார அம்மாவின் கால்மேல் ஏறி இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் சாரி சாரி என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அந்த அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்து, பரவாயில்லை என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தார். அக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினார். குனிந்து காலைப் பார்த்தார். "சாக்கிட் தா, மக்சிக்?" என்று கேட்டார். வலிக்கிறதா அத்தை என்று மலாயில் கேட்கிறார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆமாம், கட்டைவிரல் வலிக்கிறது என்றார். பின்னால் கறி வாங்க நின்ற கூட்டம் எங்களைத் திட்டத் தொடங்கியது. அக்கா அந்த அம்மாவைப் பக்கத்துக் கடை முக்காலியில் உட்காரவைத்து, ஐஸ் வாங்கி வைத்து, கால்மணி நேரம் நின்றார். நான் பூசணிக்காயோடு நின்றேன். எனக்கு மானம் போனது.

"ஒரு சாரியில முடியிற விஷயம்க்கா," என்றேன் திரும்பும்போது.

"யாருக்கு முடியிற விஷயம்?" என்றார்.

இன்னொரு தடவை எங்கள் ஆள் ஒருவருக்கு ஊர் டிக்கெட்டைத் தப்பான தேதிக்குப் போட்டுவிட்டார். தங்கை கல்யாணத்துக்குப் போகிறவர். அக்கா அவரைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் நேராகச் சொன்னார்: "தேதியை நான் சரியாப் பாக்கலை. இந்த டிக்கெட்ல போனா உங்க தங்கச்சிக்குத் தாலி கட்டும்போது நீங்க ப்ளேன்ல இருப்பீங்க. நான்தான் பாக்கலை." அந்த ஆள் கத்தினார் பாருங்கள், கன்டெய்னர் தகரம் அதிர்ந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு, அவர் கத்தி முடிக்கும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து வேறு விமானத்தில் இடம் தேடினார், கிடைத்தது. சத்தம் கேட்டு வந்த எங்கள் முதலாளி, சீனர், நல்ல மனுஷன், தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜஸ்ட் சே சாரி லா. ஃபினிஷ்."

"தட்ஸ் வொய் பாஸ். வில் ஃபினிஷ்," என்றார் அக்கா.

ஒருநாள் மதியம் நான் கேட்டேவிட்டேன், அப்படி என்னதான் அந்த வார்த்தையோடு உங்களுக்குச் சண்டை என்று. அக்கா அன்றைக்கு மீ கோரிங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியை வைத்தால் பாடம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"சாரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?"

"சாரோன்னு ஒண்ணு இருக்கே, துக்கம். அதுலேர்ந்துதான்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நானும் நினைச்சேன். எங்க லைப்ரரியில ஒரு அகராதி இருக்கு தம்பி, தூக்கினா தோள் கழண்டிடும். அதுல போய்ப் பாத்தேன். ரெண்டும் வேற வேற குடும்பம். சோர் அப்படின்னு சொல்றோம்ல, ரணம், தொட்டா வலிக்கிற இடம், அந்தக் குடும்பத்துப் புள்ளை இது. பழைய காலத்துல சாரின்னா ரணமா இருக்கிறவன்னு அர்த்தம். உடம்போ மனசோ. சாரோ பக்கத்துலயே இருந்து இருந்து அதோட சாயல் இதுக்கு வந்துடுச்சு. அப்புறம் கேவலமாக் கிடக்கிறதுக்கும் சாரின்னாங்க. சாரி ஸ்டேட்னு சொல்வாங்களே, அது. மன்னிப்பு கேக்குறதுக்குச் சொல்றதெல்லாம் ரொம்பப் பின்னாடிதான். இப்ப எம்ஆர்டி ரயில்ல, கொஞ்சம் நகருங்கன்னு அர்த்தம்."

"சரிக்கா. அதுக்காக?"

"ரணம் இருந்தா சொல்லலாம். எனக்கு இல்லாதப்போ எதுக்குச் சொல்லணும்? யாருக்கு இருக்கோ அவங்ககிட்ட வலிக்குதான்னு கேக்கலாம்ல." பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நாமகூட பாருங்க, துக்கம் சொல்லப் போறேன்னு சொல்றதில்ல. துக்கம் கேக்கப் போறேன்னுதான் சொல்றோம்."

"சாப்பிடுங்கக்கா, ஆறிடும்," என்றேன். ஆங்கில அகராதியைப் படித்துவிட்டு வந்து மீ கோரிங்கை ஆறவிடுகிறாரே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

இதில் கேலி செய்ய முடியாத ஒன்றும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்குப் போன் போடுகிற வேலை அக்காவுடையது. யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவர்களுக்குத் தைரியம் கிடையாது. நான் இரண்டாவது ரகம். நான் இருந்த வருஷங்களில் கை முறிந்தது, கண்ணில் துகள் பட்டது என்று நிறைய போன் போட்டிருக்கிறார். செத்துப்போனதாக மூன்று தடவை. இரண்டு பேர் தூக்கத்தில் மாரடைப்பில் போனவர்கள். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா போன் பேசுகிற விதமே வேறு. முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். போனை அவர்களிடம் கொடுக்கச் சொல்லமாட்டார், பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வார். பிறகு சொல்வார். காலமானார், தவறிட்டார், இறைவன் கூப்பிட்டுக்கிட்டார் எதுவும் வராது. செத்துட்டார் என்பார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், இப்போது உடம்பு எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்ன சத்தம் வந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆறுதல் கிடையாது. வச்சிடறேன் என்றோ அப்புறம் பேசறேன் என்றோ சொல்லமாட்டார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாதே, அது போனுக்கும் உண்டு என்பது அவர் கணக்கு. அவர்களாகக் கட் பண்ணும்வரை காதிலிருந்து எடுக்கமாட்டார். ஒருமுறை நாற்பது நிமிஷம் அப்படி இருந்தார். போனிலிருந்து வந்த சத்தம் எதிர் மேசையில் எனக்கும் கேட்டது. அந்த வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது, நாலு, அஞ்சு. யாரும் இறக்கவில்லை.

முருகேசன் அறந்தாங்கிப் பக்கம். சாரம் கட்டுவதில் எங்களிடம் இருந்தவர்களிலேயே நிதானமான ஆள். விழாமல் பிடிக்கும் பெல்ட் கொக்கியைக் குழாயில் மாட்டினாரா என்று யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. அவர்தான் மற்றவர்களைக் கேட்பார்.

அன்றைக்குக் காலையில் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ஏழு நாற்பது. நான் அக்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். பெர்மிட் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"மேல போய்ப் பாத்துட்டு வந்து போடுங்களேன் தம்பி," என்றார் அக்கா.

"நேத்து சாயங்காலம்தான்க்கா பாத்தேன். ஏணியெல்லாம் ஈரம்."

அக்கா கெட்டிலை எடுத்து எனக்கு இன்னும் அரைக் கோப்பை வெந்நீர் ஊற்றினார். முத்திரை குத்தினார். தாள் ஃபைலுக்குள் போனது.

ஒன்பதேகாலுக்கு முருகேசன் ஏழாவது அடுக்கிலிருந்து விழுந்தார்.

அவர் நின்ற பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் லூசாக இருந்தது. கொக்கியை ஒரு குழாயிலிருந்து கழற்றி அடுத்த குழாயில் மாட்டப்போகும் நேரத்தில் பலகை புரண்டுவிட்டது. நான் ஏறிப் போயிருந்தால் அந்தப் பலகையைக் காலால் மிதித்து ஆட்டிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு பலகையையும் அப்படி மிதித்துப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு நான் ஏறவில்லை, அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். படம் எடுத்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். கிளாம்ப் முன்னாடியே லூசா, விழுந்த வேகத்தில் லூசானதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஃபைலைக் கேட்டார்கள். காலைச் சோதனை நடந்திருக்கிறது, நேரம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கொக்கி மட்டும்தான் மாட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் முருகேசனின் கவனக்குறைவு. காலையில் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கு எதுவுமே ஆகவில்லை. பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அக்கா சொன்னார்: "என்கிட்ட ஃபைல் கேட்டாங்க, குடுத்தேன். யாரு ஏறுனாங்க, யாரு ஏறலைன்னு கேக்கலை. கேட்டா சொல்லிருப்பேன். நானாப் போய்ச் சொல்லலை. அதையும் சேர்த்து வச்சுக்கங்க. நான்தான் முத்திரை குத்தினேன்."

முதல் நாள் போனை அக்காதான் பேசினார். மூன்றாவது நாள் முருகேசனின் மனைவியே கூப்பிட்டார். உடம்பு மறுநாள் விமானத்தில் போகிறது. ஆபீஸ் போனில் அவர் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே கூட இருந்தவங்க யார்கிட்டயாச்சும் பேசணும். பத்து நிமிஷத்தில் நாங்களே கூப்பிடுகிறோம் என்று அக்கா சொன்னார்.

எங்கள் மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார், யாரும் அந்தக் குடும்பத்திடம் சாரி சொல்லக்கூடாது, வக்கீல் சொல்லியிருக்கிறார், சாரி என்றால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று. அக்காவும் அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்காக.

"சாரி சொல்லாதீங்க தம்பி. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. நான் மேல ஏறிப் பாக்கலைன்னு சொல்லுங்க. நாலு வார்த்தைதான்."

"வேலை போயிடும்க்கா. கேஸ் ஆயிடும்."

"ஆகும்," என்றார். பிறகு, நான் கேட்காமலே, ஒரு விஷயம் சொன்னார். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது டாக்டர் வெளியே வந்து ஐம் சாரி என்றாராம். சின்ன வயசு டாக்டர். அக்கா உடனே, இட்ஸ் ஓகே டாக்டர், என்று சொல்லிவிட்டாராம்.

"பழக்கம் தம்பி. சாரின்னா ஓகேன்னு சொல்லித்தானே நமக்குப் பழக்கம். ஸ்கூல்ல, பஸ்ல, எல்லா இடத்துலயும். என் புருஷன் செத்ததுக்கு நான் சொன்ன முத வார்த்தை இட்ஸ் ஓகே. அந்த டாக்டருக்கு மூஞ்சி லேசாயிடுச்சு, நான் பாத்தேன். அப்படியே திரும்பிப் போயிட்டார். என்ன ஆச்சுன்னு அப்புறம் நான் யாரையும் கேக்கவே இல்லை. நான்தான் ஓகேன்னு சொல்லிட்டேனே." மேசையில் இருந்த முத்திரையை எடுத்து நேராக வைத்தார். "நீங்க சாரின்னு சொன்னீங்கன்னா அந்தப் பொண்ணு பரவாயில்லைன்னு சொல்லிடும். அதைச் சொல்ல வச்சிடாதீங்க."

எனக்கு எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அக்கா என் போனில் நம்பரைப் போட்டு, முருகேசன் வேலை பார்த்த இடத்தில் சேஃப்டி பார்க்கிறவர் பேசுகிறார் என்று சொல்லி, போனை என் கையில் கொடுத்தார்.

"சார்," என்றது அந்தக் குரல். அழுது தீர்ந்துபோன குரல். "அவரு ரொம்ப கவனமா இருக்கிற ஆளு சார். எப்படி விழுந்தாரு? இங்க எல்லாரும் குடிச்சிருப்பான்னு பேசிக்கிறாங்க. எங்க மாமனாரே சொல்றாரு. அவரு காலையில குடிக்கிற ஆளா சார்?"

"இல்லம்மா, அதெல்லாம் இல்லம்மா," என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன், அது பொய். வரவே இல்லை. "ரொம்ப சாரிம்மா," என்றேன். "ரொம்ப ரொம்ப சாரி."

"பரவாயில்லைங்க சார்," என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவர்கள் கட் பண்ணியதும் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். தேக்காவில் அந்த மலாய்க்கார அம்மா யோசித்த மாதிரி.

"இல்லைக்கா," என்றேன். உண்மையாகவே இல்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது எல்லாம்.

"ம்," என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது.

அக்கா என்னை ஒதுக்கவில்லை. டீ ஊற்றினார், மீ கோரிங்கில் பாதி கொடுத்தார். ஒன்று மட்டும் மாறியது. காலையில் நான் பெர்மிட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தால் பேனாவைத் தரமாட்டார். "கையைக் காட்டுங்க," என்பார். சாரத்தின் ஏணிக் குழாயைப் பிடித்து ஏறி இறங்கினால் உள்ளங்கை முழுக்கத் துரு ஒட்டிக்கொள்ளும். துரு இருந்தால் பேனா. இல்லாவிட்டால் கெட்டில் சுவிட்சைக்கூடத் தட்டமாட்டார். முதலாளி, மேனேஜர் யார் எதிரே இருந்தாலும் சரி. புதிதாக வந்தவர்கள் இதை ஏதோ ஜோசியம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் தன் கையையும் நீட்டி, எனக்கு எப்போக்கா கல்யாணம் என்று கேட்டான். சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, சம்பந்தமே இல்லாத நேரத்தில், ஃபைலில் துளை போட்டுக்கொண்டே கேட்பார்: "அந்தப் பொண்ணு நம்பர் இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்குக்கா."

"ம்."

ஒருதரம் நானே கேட்டேன், நீங்களே போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று. "அது என் வார்த்தை இல்லையே," என்றார். "நான் சொன்னா அது கோள் சொல்றது."

அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. ஓடுவதற்கு என்ன, அது பாட்டுக்கு ஓடும். தெம்பனிஸ் கட்டடத்தில் ஆட்கள் குடி வந்து, அந்த ஏழாவது மாடியில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். நான் பிறகு வேறு கம்பெனிக்குப் போனேன். கையைக் காட்டச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இருந்தாலும் ஏறினேன். முருகேசன் ஞாபகத்தில் ஏறினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். பழக்கம், வேறென்ன.

போன மாதம் அக்காவின் மகன் போன் செய்தான். அக்காவுக்குச் சிறுநீரகம் கொஞ்ச நாளாகச் சரியில்லையாம், எனக்குத் தெரியாது. முந்தின நாள் ராத்திரி போய்விட்டார்.

குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, வட்ட மேசை போட்டு, பாக்கெட் தண்ணீர் அடுக்கியிருந்தார்கள். எங்கள் பழைய முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மகன் வாசலில் நின்றான். இருபத்தைந்து வயசு இருக்கும். வருகிறவர்கள் வரிசையாக அவன் கையைப் பிடித்து சாரி, சோ சாரி, வெரி சாரி பா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அவன், "இட்ஸ் ஓகே அங்கிள், தேங்க்ஸ் ஃபார் கமிங்," என்றுவிட்டான்.

நான் அவன் கையை விடவில்லை.

"வலிக்குதா தம்பி?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "யா," என்றான். "வலிக்குது அங்கிள்." பிறகு என் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று நானும் நின்றேன்.

மண்டாய் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும்வரை இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். பக்கத்து புளோக்கில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்தேன். மணி நாலரை. ஊரில் ரெண்டு. அந்த நம்பர் 'முருகேசன் வீடு' என்று போனில் இருந்தது. அழைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நம்பர் மாறியிருக்கும் என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

நான் யார் என்று சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "சொல்லுங்க சார். நல்லாருக்கீங்களா?" என்றார்.

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மாமனார் வெளியே கட்டிலில் இருக்கிறார் என்றார்.

"அன்னைக்குக் காலையில அந்தச் சாரத்து மேல ஏறி நான் பாத்திருக்கணும்மா," என்றேன். "ஏறிப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். பலகை லூசா இருந்திருக்கு. முருகேசன் மேல எந்தத் தப்பும் இல்லை. குடிக்கலை. கவனமாத்தான் இருந்தாரு. நான்தான் மேல ஏறிப் பாக்கலை."

சாரி என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பரவாயில்லை என்று சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். சொல்லிவிடாதே தாயே என்று நினைத்துக்கொண்டேன்.

"இருங்க," என்றார். ஒரு கதவு திறந்தது. நடக்கும் சத்தம். "மாமா, எந்திரிங்க. இதைக் கேளுங்க." பிறகு என்னிடம்: "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

ஒரு கிழவர் இருமினார். பிறகு அந்த இருமல் இருமலாக இல்லை. யாரும் எனக்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன், அவர்கள் வைக்கும்வரை.